கழற்றி மாட்டும் கூரை

திருவண்ணாமலையில் கார்த்திகைத் திருவிழாவின் ஏழாம் நாள் தேரோட்டம். விநாயகர், முருகன், அண்ணாமலையார், அம்மன், சண்டிகேசுவரர் என்று ஐந்து தேர்கள் மாடவீதிகளில் அடுத்தடுத்து வலம் வருகின்றன. மற்ற நாட்களில் நிலையில் நிற்கும் தேரை நாம் பார்த்தால் சக்கரங்களும், சிற்பங்கள் செறிந்த மரத்தட்டுகளும் மட்டுமே கண்ணில் படும். திருவிழா நெருங்கும்போதுதான் அதன்மேல் சட்டங்கள் நிறுத்தப்பட்டு, மூங்கிலும் கயிறும் சேர்ந்து, தேர்ச்சீலைகளும் தொம்பைகளும் தொங்கவிடப்பட்டு, உச்சியில் கலசம் ஏறுகிறது. கீழ்ப்பாதி நிரந்தரம், மேற்பாதி ஆண்டுதோறும் கட்டிப் பிரிப்பது. மேற்பாதி சரியில்லை என்றால் கீழ்ப்பாதியின் உறுதியால் பயனில்லை. 2022 ஏப்ரலில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் தேரின் உச்சி உயரழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தனர்.

கூண்டு வண்டியும் இதே வகைதான். பாரம் ஏற்ற வேண்டிய நாளில் கூண்டைக் கழற்றி வைத்துவிடுவார்கள். பெண்டு பிள்ளைகளோடு திருவிழாவுக்குப் போகும் நாளில் மாட்டிக்கொள்வார்கள். வண்டி ஒன்றுதான். ஆனால் கூண்டு ஏறியதும் அதன் குணம் மாறிவிடுகிறது. எதிர்க்காற்றில் மாடு திணறும், உள்ளே புழுங்கும், வண்டிக்காரனுக்குப் பின்பக்கம் தெரியாது. இழப்பதற்கெல்லாம் ஈடாக நிழல் கிடைக்கிறது. ஆகவே வண்டிக்குமேல் இருக்கும் கூரையை வெறும் மூடி என்று கொள்ள முடியாது. உள்ளே இருப்பவருக்கும் வெளியே இருக்கும் காற்று, வெயில், மழை, சாலை ஆகியவற்றுக்கும் இடையே எழுதப்பட்ட ஓர் ஒப்பந்தம் அது. பந்தயத்துக்கு எழுதப்பட்ட ஒப்பந்தம் தெருவுக்குப் பொருந்துமா என்பதே இக்கட்டுரையில் நாம் பார்க்க விரும்பும் கேள்வி. அதற்கு விடை தேடிப் போகும்போது இங்கிலாந்தின் கோவென்ட்ரி, பிரான்சின் லெ மான் ஆகிய ஊர்களைத் தொட்டு நம் பெருங்களத்தூருக்கு வந்து சேர வேண்டியிருக்கிறது.

மோட்டார் கார் பிறக்கும்போதே திறந்ததாகப் பிறந்தது என்பதை முதலில் நினைவில் கொள்ளவேண்டும். குதிரை வண்டியைச் செய்தவர்களே காருக்கும் உடல் செய்தார்கள். சென்னையில் 1840-இல் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனம் குதிரை வண்டிகளில் தொடங்கி மோட்டார் வாகனங்களுக்கு வந்ததுதான். சேசிஸ் எனப்படும் அடிச்சட்டத்தை ஓரிடத்தில் வாங்கி, உடலை இன்னோரிடத்தில் கட்டிக்கொள்வது அன்று இயல்பான காரியம். மகாராஜாக்கள் வேட்டைக்கு ஒன்று, ஊர்வலத்துக்கு ஒன்று என்று உடல் கட்டிக்கொண்டார்கள். 1920-களில்தான் மூடிய கார் பெருவழக்காயிற்று. பிறகு அடிச்சட்டத்தையும் உடலையும் ஒன்றாகவே உருக்குத் தகட்டில் அழுத்தி எடுக்கும் முறை வந்தது. அதில் கூரையும் பாரம் தாங்கும் உறுப்பு. அதை அறுத்தெடுத்தால் கார் நடுவில் தொய்ந்துவிடும். கூரையைக் கழற்றி மாட்டும் காலம் முடிந்தது என்றே 1950-களில் பலரும் நினைத்திருக்கக்கூடும்.

அந்த வேளையில் கோவென்ட்ரியின் ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ஃப் நிறுவனத்துக்கு ஒரு நெருக்கடி. அதற்கு உடல் தகடுகள் செய்து தந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை, போட்டி நிறுவனமான பி.எம்.சி. 1953-இல் வாங்கிவிட்டது. புதிய காருக்கு ஒரே துண்டான உடலைச் செய்துதர ஆளில்லை. தலைமைப் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டர் பழைய முறைக்கே திரும்பினார். தனி அடிச்சட்டம், அதன்மேல் வெவ்வேறு பட்டறைகளில் சிறு சிறு துண்டுகளாகச் செய்து போல்ட்டால் முடுக்கும் உடல். உருவத்தை வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஜியோவான்னி மிக்கெலாட்டி. 1959 ஏப்ரலில் வெளிவந்த ட்ரையம்ஃப் ஹெரால்ட் இவ்வாறு வறுமையில் பிறந்த புதுமை. கூரையே தனித்துண்டு. முன்கண்ணாடியின் மேற்சட்டத்திலும் பின்பகுதியிலும் உள்ள போல்ட்டுகளைக் கழற்றினால் அதைத் தூக்கி வைத்துவிடலாம். ஒரே அடித்தளத்தின்மேல் சலூன், கூப்பே, 1960-இல் துணிக்கூரை கொண்ட கன்வெர்ட்டிபிள், அடுத்து எஸ்டேட், சரக்கு வேன் என்று ஐந்து மேற்கட்டுகள் வந்தன. தேர்த்தச்சர் ஒருவருக்கு இதில் வியக்க ஒன்றும் இருந்திராது.

ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதன்மேல் இருவர் அமரும் திறந்த உடலைப் பொருத்தி 1962-இல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் வந்தது. இதுவும் மிக்கெலாட்டியின் கை. 1147 சிசி இன்ஜின், விலை குறைவு, இளைஞர்களின் கார். இங்கிலாந்தின் மழைக்கும் குளிருக்கும் துணிக்கூரை போதாது என்பதால், அடுத்த ஆண்டே நிறுவனம் உருக்காலான ஹார்ட்டாப் ஒன்றை விருப்பத் தேர்வாகத் தந்தது. குளிர்காலத்தில் மாட்டு, கோடையில் கழற்று. ஹெரால்டுக்கும் இதற்கும் ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. அடிச்சட்டத்தைக் குறுக்கும்போது அதன் பக்கவாட்டுச் சட்டங்களை எடுத்துவிட்டதால், ஸ்பிட்ஃபயரில் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற தகட்டுப் பகுதியும் பாரத்தைச் சுமந்தது. அந்தத் தகடு துருப்பிடித்தால் கதவு இடைவெளி மாறும். இடைவெளி மாறினால் மேலே மாட்டும் கூரை உட்காராது. கூரையின் கதை தரையிலிருந்தே தொடங்குகிறது என்பதைப் பழைய கார்களில் வேலை செய்யும் எந்த டிங்கரும் சொல்வார்.

இனி பந்தயம். 1964-இல் ட்ரையம்ஃப் மூன்று ஸ்பிட்ஃபயர்களை லெ மானுக்கு அனுப்பியது. இருபத்துநான்கு மணி நேரம் இடைவிடாது ஓடும் பந்தயம் அது. நீண்ட நேர்ப்பாதைகள் கொண்ட அந்தத் தடத்தில் திறந்த கார் காற்றோடு மல்லுக்கட்டியே களைத்துவிடும். எனவே ஒரு கூரை வேண்டும். முன்கண்ணாடியின் உச்சியில் தொடங்கி வால்வரை ஒரே சரிவாக இறங்கி, காற்றைக் கிழிக்காமல் வழுக்கிவிடும் கூரை. அது ஃபைபரில் வார்க்கப்பட்டது. உடல் அலுமினியம். அந்தச் சிறிய இன்ஜின் இந்த உருவத்தோடு மணிக்கு 130 மைலைத் தாண்டி ஓடியது. கூரையின் சாதனை என்றே இதைச் சொல்லவேண்டும்.

அந்த ஆண்டு மூன்றில் ஒரு கார்தான் பந்தயத்தை முடித்தது; ஒட்டுமொத்தத்தில் 21-ஆம் இடம். மற்ற இரண்டும் மோதி நின்றன. அவற்றில் ஒன்றின் கதை நம் கேள்விக்கு நேராக வருகிறது. ழான்-லூயி மார்னா ஓட்டிய காரில் புகைபோக்கியின் நச்சுப்புகை உள்ளே நுழைந்தது. மூடிய சிறு அறை. வெளியேற வழியில்லாத வாயு. ஓட்டுநர் நினைவு தடுமாறிக் கார் மோதியது. நல்லவேளையாக அவர் பிழைத்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே லெ மானில் மினி மார்க்கோஸ் என்னும் குட்டி ஃபைபர் காரை இன்னொருவரோடு மாறி மாறி ஓட்டி 15-ஆம் இடத்தில் முடித்தார். 1965-இல் ஸ்பிட்ஃபயர்கள் மீண்டும் வந்து 13, 14 ஆகிய இடங்களைப் பிடித்தன. தம் பிரிவில் முதலும் இரண்டும் அவையே. அதே ஆண்டு மக்காவ் பந்தயத்துக்காக இதே வகைக் கார் ஒன்றின் கூரையை நீக்கி, ஒருவர் மட்டும் அமரும்படி திருத்தியும் அனுப்பினார்கள். வளைவுகள் நிறைந்த நகரத் தெருத்தடத்தில் சரிவுக் கூரையால் கிடைக்கும் ஆதாயத்தைவிட எடைக் குறைப்பே பெரிது. ஒரே காருக்கு ஓர் ஊரில் கூரை வரம், இன்னோர் ஊரில் சுமை.

1966-இல் ட்ரையம்ஃப் ஜி.டி.6 கடைக்கு வந்தது. ஸ்பிட்ஃபயரின் உடல், 1998 சிசி ஆறு சிலிண்டர் இன்ஜின், லெ மான் கார்களின் அதே சரிவுக் கூரை. ஆனால் இம்முறை உருக்கில், பின்பக்கம் மேல்நோக்கித் திறக்கும் கதவோடு. பந்தயத்தில் வென்ற கார் இதோ உங்கள் தெருவுக்கு வந்துவிட்டது என்ற தொனியில் விளம்பரங்கள் பேசின. இந்தக் கதை பரவலாக நம்பப்பட்டது; இன்றும் சொல்லப்படுகிறது. வரலாற்றின் வரிசை வேறு. 1963-இலேயே மிக்கெலாட்டி இந்தக் கூரையைத் தெருவில் ஓடும் ஒரு மூடிய ஸ்பிட்ஃபயருக்காக வரைந்து, மாதிரி ஒன்றையும் செய்திருந்தார். நான்கு சிலிண்டர் இன்ஜினால் அந்த எடையை இழுக்க முடியவில்லை என்று அது ஓரமாக வைக்கப்பட்டது. அந்த மாதிரியின் கூரையைத்தான் பந்தயப் பிரிவினர் ஃபைபரில் அச்செடுத்து லெ மானுக்குக் கொண்டுபோனார்கள். அதாவது, தெருவுக்காகப் பிறந்த கூரை எடையால் தோற்று, எடை குறைந்து பந்தயத்துக்குப் போய், பெயர் சம்பாதித்து, மறுபடியும் எடை கூடித் தெருவுக்குத் திரும்பியது. பந்தயக்களமே ஊற்றுக்கண், தெரு வெறும் வடிகால் என்ற மோட்டார் உலகின் பழைய நம்பிக்கையை இந்த ஒரு கூரை சற்றே ஆட்டிப்பார்க்கிறது.

திரும்பி வந்த கூரை தெருவில் என்ன பாடுபட்டது என்பது சுவையான பகுதி. பெரிய இன்ஜின் ஓட்டுநரின் காலடிவரை வெப்பத்தைத் தள்ளியது. சரிந்த பின்கண்ணாடி வெயிலை உள்ளே இறக்கியது. காற்று வெளியேறப் போதிய வழி இல்லை. இங்கிலாந்தின் கோடையிலேயே உள்ளே வேகிறது என்று வாங்கியவர்கள் முறையிட்டார்கள். 1968-இல் வந்த இரண்டாம் வடிவத்தில் முன்பலகையில் திருப்பிவிடக்கூடிய காற்றுத்துளைகளும், பின்பக்கக் கண்ணாடிகளுக்குப் பின்னால் வெப்பக்காற்று வெளியேறும் துளைகளும் சேர்க்கப்பட்டன. பந்தயத்தில் 24 மணி நேரம் தாங்கிய கூரைக்கு, தெருவில் மூச்சுவிடக் கற்றுக்கொள்ள இரண்டு ஆண்டுகள் ஆயின. இதே காரைச் சித்திரை மாத நண்பகலில் திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ஓட்டிவருவதாகக் கற்பனை செய்துபார்க்கலாம். செஞ்சிக் கோட்டையின் பாறைகள் அனல் கக்கும் இடத்தில் ஓட்டுபவர் கூரையைப் போல்ட்டோடு பிடுங்கி எறியவே விரும்புவார்.

இங்கே சற்று நின்று, பந்தயக் கூரை ஒன்றைத் தெருவில் ஓடும் திறந்த காரில் பொருத்த என்னென்ன வேண்டும் என்று பார்ப்பது பொருந்தும். இலக்கிய வாசகர்கள் இந்தப் பட்டறை விவரங்களைப் பொறுத்துக்கொள்ளவேண்டும். கதையின் உயிர் இவற்றில்தான் இருக்கிறது. பந்தயக் கூரை மெல்லிய ஃபைபர் ஓடு. உள்துணி கிடையாது, மழைநீர் வடிய விளிம்பு கிடையாது, கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தகடு, பொருத்துவது நான்கைந்து போல்ட்டாலோ ரிவெட்டாலோ. ஃபைபர் பரவலான பாரத்தைத் தாங்கும். ஒரு புள்ளியில் விழும் பாரத்தைத் தாங்காது. தெருவின் குண்டுகுழிகளில் ஆண்டுக்கணக்கில் அதிர்ந்தால் போல்ட் துளையைச் சுற்றி வெடித்துவிடும். ஆகவே ஒவ்வொரு துளைக்கும் உள்ளே உருக்குத் தகடு பதித்து, மறுபுறம் அகலமான வாஷர் வைத்து, பாரத்தைப் பரப்பவேண்டும். திறந்த காரின் உடல் ஓடும்போது சற்று முறுக்கிக்கொள்ளும் இயல்புடையது. கூரையை இறுக்கமாக முடுக்கினால் உடலின் முறுக்கு முழுதும் கூரைக்கு வந்து கூரை பிளக்கும். தளர்வாக விட்டால் கடகடவென ஆடும். இடையில் வரும் தடித்த ரப்பரே சமாதானத் தூதர்.

அடுத்து கதவுக் கண்ணாடி. கன்வெர்ட்டிபிளின் கதவில் கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் இருக்காது. கண்ணாடியின் விளிம்பு கூரையின் பீடிங் ரப்பரில் நேராகப் போய் அழுந்தவேண்டும். கார் வேகமெடுக்கும்போது கூரைக்கு மேலே ஓடும் காற்றின் அழுத்தம் குறைந்து கண்ணாடியை வெளிப்பக்கம் இழுக்கும். நின்றபோது ஒரு சொட்டு உள்ளே விடாத கார், நெடுஞ்சாலையில் விசிலடிப்பதும் மழை வாங்குவதும் இதனால்தான். பந்தயத்தில் இதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. பந்தய ஓட்டுநர் நனைந்தால் நனைந்ததுதான்.

நீரையும் ஓசையையும்விடக் கொடியது புகை. சரிவுக் கூரை கொண்ட காரின் வால்பக்கம் காற்றழுத்தம் குறைந்த ஒரு குழி உருவாகிறது. புகைபோக்கி விடும் வாயு அங்கே சுழலும். கூரையின் பின்விளிம்பில் ஓர் இடைவெளி இருந்தால் அது உள்ளே உறிஞ்சப்படும். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. மார்னாவுக்கு நேர்ந்தது பந்தயத்தில் நேர்ந்ததால் பதிவாயிற்று. குடும்பத்தோடு போகும் தெருக்காரில் பின்னிருக்கையில் உறங்கும் குழந்தைக்கு நேர்ந்தால் அது தூக்கம் என்றே எண்ணப்படும். பின்விளிம்பின் ரப்பர் அழகுக்கான பொருள் அன்று.

இன்னொன்றும் உண்டு. ஃபைபர் கூரை கவிழ்ந்த காரைத் தாங்காது. பந்தயக் காரில் அதற்கென்று உள்ளே உருக்குக் குழாய்க் கூண்டு இருக்கும். அதையும் சேர்த்தே தெருக்காரில் பொருத்திவிட்டால் பாதுகாப்பு இரட்டிப்பாகும் என்று தோன்றும். தோன்றுவதற்கு மாறானது உண்மை. பந்தய ஓட்டுநர் தலைக்கவசம் அணிந்து, நான்கைந்து பட்டைகளால் இருக்கையோடு கட்டப்பட்டிருக்கிறார். தெருவில் வெறுந்தலையோடு சாதாரணப் பட்டை அணிந்து அமர்ந்திருப்பவரின் மண்டைக்குச் சில அங்குலத்தில் இருக்கும் உருக்குக் குழாய், சிறு மோதலிலும் உயிரைப் பறிக்கலாம். பந்தயத்தில் காப்பது தெருவில் கொல்லும்.

*

இப்போது சென்னைக்கு வருவோம். 1948-இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம், பெருங்களத்தூரில் தன் தொழிற்சாலையை நடத்தியது. வான்கார்ட், ஸ்டாண்டர்ட் டென், பென்னன்ட் ஆகியவற்றுக்குப் பின் 1961-இல் அங்கிருந்து ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வெளிவரத் தொடங்கியது. கோவென்ட்ரியின் வறுமையில் பிறந்த அந்தத் துண்டு துண்டான உடல் நமக்கு வசதியாகப் போயிற்று. பிரித்துக் கொண்டுவந்து முடுக்கிச் சேர்ப்பதற்கும், பின்னர் துண்டு துண்டாக உள்நாட்டிலேயே செய்துகொள்வதற்கும் அது ஏற்றது. அம்பாசடரும் ஃபியட்டும் ஓடிய தெருக்களில் 948 சிசி இன்ஜினோடு இந்தச் சிறிய கார், முன்மூக்கு முழுவதையும் முதலை வாய்போல் முன்னோக்கித் திறந்து காட்டிக்கொண்டு, ஒருவகை நாகரிகச் சின்னமாக வலம் வந்தது.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1950-களிலிருந்து, 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித்தடம் வரும்வரை, அங்கேதான் சென்னையின் மோட்டார் பந்தயங்கள் நடந்தன. 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அவற்றை நடத்தியது. தெருவில் ஓடிய அதே கார்களே, ஹெரால்ட் உள்பட, இருக்கை கழற்றப்பட்டும் இன்ஜின் தீட்டப்பட்டும் அங்கே ஓடின. லெ மானில் நிறுவனம் செய்ததை இங்கே பட்டறைகள் செய்தன என்று சொல்லலாம். ஆனால் திசை வேறு. இங்கே பந்தயத்துக்கென்று தனிக்கார் செய்யும் ஆடம்பரம் பெரும்பாலோர்க்கு இல்லை. திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போகவேண்டிய காரே ஞாயிற்றுக்கிழமை ஓடியாகவேண்டும். எனவே கழற்றியது எதுவும் திரும்ப மாட்டக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது இந்த ஊரின் எழுதப்படாத பொறியியல் விதி.

அந்த விதியின் உச்சம் என்று நாம் கருதுவது பந்தயத்தில் நிகழவில்லை. 1968-இல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் மார்க் 3 நான்கு கதவுகளோடு வந்தது. இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு எந்நாளும் இரண்டு கதவுதான். புடவை கட்டிய பாட்டியும் இரண்டு பேரக்குழந்தைகளும் முன்னிருக்கையை மடக்கி, குனிந்து, பின்னால் நுழைவது எவ்வளவு பெரிய வித்தை என்பது கோவென்ட்ரிக்குத் தெரிய வாய்ப்பில்லை, பெருங்களத்தூருக்குத் தெரிந்திருந்தது. பக்கவாட்டை வெட்டி, நடுத்தூணை இடம் மாற்றி, கூரையைத் தாங்கும் விதத்தையே திருத்தி அமைத்தார்கள். ஒரே துண்டான உடல் கொண்ட காரில் இதைச் செய்யப் பெருமுதல் போட்டுப் புது அச்சுகள் செய்யவேண்டும். தனிச்சட்டத்தின்மேல் போல்ட்டால் நிற்கும் உடலில் ஒரு சிறு தொழிற்சாலையாலும் முடிந்தது. கோவென்ட்ரி அந்த மூட்டை வேகத்துக்காகப் பயன்படுத்திக்கொண்டது. சென்னை வயதானவர்கள் ஏறி இறங்குவதற்காகப் பயன்படுத்திக்கொண்டது. எங்களைக் கேட்டால் இரண்டாவதையே பெரிய சாதனை என்போம். வரலாறு எழுதுகிறவர்கள் லெ மானின் 13-ஆம் இடத்தைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, நான்கு கதவை ஒரு வரியில் கடந்துபோவது வழக்கம்.

அதன்பின் நடந்தது துயரமானது, சுருக்கமானதும்கூட. 1970-களில் ஹெரால்டின் அடித்தளத்தின்மேலேயே கெஸல் வந்து சில ஆண்டுகள் ஓடியது. 1985-இல் ரோவரின் அழகிய உடலுக்குள் வான்கார்ட் காலத்துப் பழைய இன்ஜினை வைத்து ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு காரை இறக்கினார்கள். மேற்கட்டு புதிது, உள்ளிருப்பது பழையது. விலை கூடுதல், எரிபொருள் செலவும் கூடுதல். மாருதி வந்துவிட்ட காலம் அது. 1988-இல் உற்பத்தி நின்றது. தொழிற்சாலை இருந்த நிலத்தில் பிற்காலத்தில் மென்பொருள் அலுவலகங்கள் எழுந்தன. ஜி.எஸ்.டி. சாலையில் அவற்றைக் கடந்து போகிறவர்களில், இந்தியாவுக்கென்றே ஒரு நான்கு கதவு ஹெரால்ட் இங்கே செய்யப்பட்டது என்று அறிந்தவர்கள் மிகச் சிலராகவே இருப்பார்கள்.

கூரை மாற்றும் கலை மட்டும் வேறோர் இடத்தில் பிழைத்துக்கொண்டது. மலைப்பாதைகளில் ஓடும் ஜீப்புகள்தான் அந்த இடம். எங்கள் மாவட்டத்தின் ஜவ்வாது மலை போன்ற பகுதிகளில் தார்ப்பாய்க் கூரையோடு ஓடிய ஜீப்புகளுக்கு, மழையும் குளிரும் தாங்காமல், டிங்கரிங் பட்டறைகளில் தகட்டாலோ ஃபைபராலோ ஹார்ட்டாப் செய்து மாட்டும் வழக்கம் தமிழகமெங்கும் இருந்தது. 2010-இல் வந்த மகிந்திரா தாருக்கும் துணிக்கூரைதான். வாங்கியவர்கள் பலர் வெளியில் கூரை செய்துகொண்டார்கள். 2020-இல் வந்த புதிய தாரில் நிறுவனமே ஹார்ட்டாப்பையும் மடக்கும் துணிக்கூரையையும் தனித்தனி வகைகளாகத் தந்தது. பட்டறைக்காரர்கள் பத்தாண்டுகளாக அறிந்திருந்த தேவையை நிறுவனம் மெல்ல அறிந்துகொண்டது.

சட்டம் இந்த இடத்தில் குறுக்கே வருகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் தந்த விவரக்குறிப்பிலிருந்து மாறுபடும்படி வாகனத்தைத் திருத்தக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த வழக்கு ஒன்றில், இந்தத் தடையை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அரசு வகுக்கும் தரத்துக்கு உட்பட்ட மாற்றங்களுக்குச் சிறு வழி விட்டது. கண்ணாடியிலும் விதி உண்டு. முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கங்களில் 50 சதவீதம் ஒளி புகவேண்டும். பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்கவேண்டும். பந்தயக் கூரையின் பிளாஸ்டிக் தகடு இங்கேயே தோற்றுவிடும்.

இதில் எங்களுக்குள் இரு மனம் இருக்கிறது என்பதை மறைக்கவேண்டியதில்லை. போல்ட் துளையில் வாஷர் வைக்காத பட்டறைகளும், புகை புகும் இடைவெளியைப் புட்டி வைத்துப் பூசி மறைக்கும் பட்டறைகளும் உண்டு. அவற்றிடமிருந்து சாலையில் போகும் அடுத்தவரைக் காக்கச் சட்டம் வேண்டும். ஆனால் அதே சட்டம் நல்ல கைகளையும் கட்டிப்போடுகிறது. ஃபைபர் கூரைக்குள் எங்கே தகடு பதிக்கவேண்டும் என்று விரலால் தட்டிப்பார்த்தே சொல்லும் டிங்கருக்குச் சான்றிதழ் வழங்கும் அலுவலகம் எதுவும் இல்லை. அவர் கற்றதைக் கற்க வருகிற பையனும் இன்று அரிது.

பழைய ஹெரால்டுகளை இன்னமும் ஓட்டும் சிலரிடம் ஒரு பழக்கம் உண்டு. கூரையைக் கழற்றும் முன் இரு கதவுகளின் இடைவெளியையும் மேலே, நடுவே, கீழே என்று அளந்து எழுதிக்கொள்வார்கள். கழற்றியபின் மறுபடி அளப்பார்கள். இரண்டு அளவும் ஒன்றானால் அடிச்சட்டம் நன்றாக இருக்கிறது என்று பொருள். வேறுபட்டால், அத்தனை ஆண்டுகளும் காரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தது கூரைதான். அப்படியானால் கூரையைத் திரும்ப மாட்டிவிட்டு, காரைக் குழியின்மேல் நிறுத்தி, அடியில் துருவைத் தேடத் தொடங்குவார்கள்.